கொள்ளையர் விண்கலம் கட்டுவது எப்படி? விஞ்ஞானப் புனைகதை எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மயிலிட்டித் துறைமுகத்தில் ஒரு மாலை, பலநாட் படகொன்றின் அடித்தட்டுக்குள் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் இரைச்சலுக்கு மேலால் படகுக்காரரிடம், "இந்த எஞ்சினோடு எத்தனை நாள் கடலில் நிற்கலாம், அண்ணை?" என்று கேட்டேன். "எஞ்சினைப் பார்த்து நாங்கள் கணக்குப் போடுவதில்லை, தம்பி. ஐஸ் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று பார்த்துத்தான் போவதும் வருவதும்" என்றார்.

அப்போது நான் கொள்ளையர் விண்கலம் ஒன்றைப் பற்றி நீண்ட கதை எழுதிக்கொண்டிருந்தேன். கலம் கரிய நிறம், முனையில் கூரிய கொம்பு, இருபுறமும் பீரங்கி வரிசை. எட்டு மாதம் எழுதியும் அது தாளை விட்டு எழும்பவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்து கதையின் முதற்பக்கத்தின் மேல் "ஐஸ் எத்தனை நாளைக்கு?" என்று எழுதிவைத்தேன். அதற்குப் பிறகுதான் கலம் அசைந்தது. கொள்ளைக் கலத்தை அது திரும்பிவரும் வழியிலிருந்து கட்டத் தொடங்க வேண்டும் என்பது எனக்கு அன்று விளங்கியது. பாய்ந்து பிடிக்கும் காட்சி எல்லோருக்கும் எழுத வரும். பிடித்ததை ஏற்றிக்கொண்டு, ஆட்கள் உயிரோடு, எந்தத் துறையில் போய் ஒதுங்குவது என்ற கேள்விக்கு எழுத்தாளரிடம் பதில் இருந்தால்தான் வாசகர் அந்தக் கலத்தில் ஏறுவார்.

நான் வேலை செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன். உதாரணத்துக்கு என் கதையின் கலத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் 'சோழகம்', தெற்கிலிருந்து வீசும் காற்றின் பெயர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் அது திரிகிறது. ஒளியை முந்தும் வழி எதுவும் அந்தக் கதையில் இல்லை. உங்கள் கதையில் இருந்தால் மூன்றாம், நான்காம் படிகளை மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவை அப்படியே பொருந்தும்.

முதற்படி: கலத்தின் பழைய பெயரைக் கண்டுபிடியுங்கள்

கொள்ளையர்கள் கப்பல் கட்டுவதில்லை. கட்டிய கப்பலை எடுத்துக்கொள்வார்கள். 1694இல் ஸ்பெயினின் கொருன்னா துறைமுகத்தில் சம்பளம் கிடைக்காமல் கிடந்த ஆங்கிலக் கப்பலொன்றின் மாலுமிகள் கலகம் செய்து, ஹென்றி எவரி என்பவரைத் தலைவராக்கிக் கப்பலோடு வெளியேறினார்கள். 'இரண்டாம் சார்ள்ஸ்' என்றிருந்த அதன் பெயர் 'ஃபான்சி' என்று மாறியது. பிறகு மேற்கட்டுமானத்தை வெட்டிக் குறைத்து, எடையை இறக்கி, வேகத்தைக் கூட்டினார்கள். அடுத்த ஆண்டு, செங்கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த முகலாயப் பேரரசரின் 'கஞ்ச்–இ–சவாய்' என்ற பெருங்கப்பல் அதன் கையில் விழுந்தது.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். எதை வெட்டி எறிந்தார்கள்? எதைப் புதிதாகப் பொருத்தினார்கள்? எதை நீக்க முடியாமல் விட்டுவைத்தார்கள்? மூன்றாவது கேள்விதான் கதைக்குச் சோறு போடும். 'சோழகம்' முன்பு சீரிஸ் என்ற குறுங்கோளிலிருந்து பனிக்கட்டி ஏற்றிய கலம். அதன் வயிற்றிலுள்ள பெரிய பனித்தொட்டியைக் கொள்ளையர்களால் அகற்ற முடியவில்லை, ஏனென்றால் கலத்தின் அடிமரமான ஏராவே அந்தத் தொட்டியின் மேல்தான் கிடக்கிறது. அந்தத் தொட்டி பின்னால் அவர்களைக் காப்பாற்றும்.

பெயர் மாறினாலும் கலம் தன்னைக் கட்டிய கையை மறப்பதில்லை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. நேர்மையாக விலைக்கு வாங்கப்பட்ட கப்பல் அது. அங்கே போய்ச் சேர்ந்தபோது அதன் பெயர் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்'. ஆனால் ஒவ்வொரு பலகையும் வல்வெட்டித்துறைப் பலகைதான். உங்கள் கலத்திலும் புதுப்பூச்சின் கீழ் பழைய பெயரின் ஓர் எழுத்தாவது தெரியட்டும்.

இரண்டாம் படி: துறையைத் தீர்மானியுங்கள்

எஞ்சினை வரைவதற்கு முன் துறைமுகத்தை வரையுங்கள். களவுப் பொருளை யார் வாங்குகிறார்? உடைந்த கதவுக்கு யார் ஒட்டுப்போடுகிறார்? அந்தத் துறையின் வாயில் யாருடைய கையில் இருக்கிறது? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் நீரின் நடுவே நிற்கும் கடற்கோட்டையை ஒருமுறை போய்ப் பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்திய கோட்டை அது. யாழ்ப்பாணப் பரவைக்கடலுக்குள் நுழையும் வழியில், சரியாகக் கழுத்துப் பிடிக்கும் இடத்தில் இருக்கிறது. கடல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் கப்பல்கள் ஒடுங்கிவரும் இடங்கள் சிலவே என்பதை அந்தக் கல் சுவர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். பெரிய கப்பல்கள் நுழைய முடியாத இடத்தில் எங்கள் வத்தைகளும் தோணிகளும் தடையின்றிப் போய்வந்தன. விண்வெளியில் இந்த ஆழம், ஆழமின்மை என்பது ஈர்ப்புதான். பூமியை விட்டு விடுபடச் செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகம் வேண்டும். சீரிஸிலிருந்து விடுபட அரைக் கிலோமீற்றரே போதும். எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் கொள்ளையன் ஒருபோதும் பெரிய கோளில் இறங்கமாட்டான். அவனுடைய துறைகள் சிறு பாறைகளில்தான் இருக்கும்.

ஒரு பிழையை இங்கேயே திருத்திக்கொள்ளுங்கள். பாறைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓடித் தப்பும் காட்சி படத்தில் வடிவாகத்தான் இருக்கும். உண்மையான சிறுகோள் பட்டையில் ஒரு பாறைக்கும் அதே அளவுள்ள அடுத்த பாறைக்கும் இடையில் பல லட்சம் கிலோமீற்றர் வெறுமை கிடக்கிறது. அங்கே ஒளிவதற்கு மறைவே இல்லை.

மூன்றாம் படி: பருவத்தைக் கணியுங்கள்

வாடைக் காற்றோடு போய்ச் சோழகத்தோடு திரும்புவது பாய்க்கப்பல் காலத்து வழக்கம். எந்த மாதத்தில் எந்தக் கப்பல் எந்தப் பக்கமிருந்து வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், கொள்ளையனுக்கும் தெரியும். எவரி செங்கடல் வாயிலில் காத்து நின்றதும் பருவக்காற்றோடு திரும்பும் கப்பல்களுக்காகத்தான்.

விண்வெளிக்கும் பருவம் உண்டு. பூமியிலிருந்து செவ்வாய்க்குச் சிக்கனமாகப் புறப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. அந்தச் சில வாரங்களுக்குள் சரக்குக் கலங்கள் எல்லாம் கூட்டமாகப் புறப்படும். எட்டு, ஒன்பது மாதம் கழித்துக் கூட்டமாகப் போய்ச் சேரும். எஞ்சினை நிறுத்திவிட்டு மிதந்துபோகும் கலம் எந்த நாள், எந்த மணிக்கு எங்கே இருக்கும் என்பதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கணக்குப் போட்டுச் சொல்லலாம். ஆகவே இரை தேடி அலையும் கொள்ளையனை எழுதாதீர்கள். அவன் நாட்காட்டியின் முன் உட்கார்ந்திருப்பவன். பருவம் இல்லாத மாதங்களில் அவனும் ஆட்களும் என்ன செய்து வயிறு வளர்க்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நல்ல அத்தியாயங்கள் அங்கேதான் கிடக்கின்றன.

நான்காம் படி: வேகத்தைப் பணம் போல எண்ணுங்கள்

ரொக்கெட்டுக்கு வேகம் என்பது மடியில் கட்டியிருக்கும் காசு. முடுக்கினாலும் செலவு, நிறுத்தினாலும் செலவு, திரும்பினாலும் செலவு. 1903இல் ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு இந்தக் கணக்கைச் சொல்கிறது. ஐதரசனும் ஒட்சிசனும் எரியும் எஞ்சினில் புகை செக்கனுக்குச் சுமார் 4.4 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறும். அதைக் கொண்டு கலத்தின் வேகத்தைச் செக்கனுக்கு 10 கிலோமீற்றர் மாற்ற வேண்டுமென்றால், புறப்படும் திணிவில் பத்தில் ஒன்பது பங்கு எரிபொருளாக இருக்க வேண்டும். அணுவுலையில் ஐதரசனைச் சூடாக்கி வெளியேற்றும் எஞ்சினை 1960களில் அமெரிக்கர்கள் தரையில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். அதன் வெளியேறு வேகம் செக்கனுக்கு 8 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அப்போது அதே பயணத்துக்கு எழுபது சதவீதம் எரிபொருள் போதும்.

மின்னேற்றிய துகள்களை வெளியே தள்ளி ஓடும் அயன் எஞ்சின் இன்னும் சிக்கனமானது, ஆனால் கொள்ளைக்கு உதவாது. நாசாவின் 'டோன்' என்ற ஆய்வுக்கலம் அத்தகைய எஞ்சினைக் கொண்டுதான் 2011இல் வெஸ்டா என்ற சிறுகோளுக்கும் 2015இல் சீரிஸுக்கும் போனது. அது மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தைக் கூட்டிக்கொள்ள 4 நாட்கள் பிடிக்கும். அந்த வேகத்தில் எந்த இரையையும் விரட்ட முடியாது. சரக்குக் கலத்துக்கு அயன் எஞ்சினையும் கொள்ளைக் கலத்துக்கு அணுவெப்ப எஞ்சினையும் கொடுங்கள். ஒன்று மாடு, மற்றது நாய். துரத்தலின் தன்மை தானாக அமைந்துவிடும்.

கதை எழுதும்போது ஒரு தாளின் ஓரத்தில் வேகக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது எவ்வளவு, பிடிக்கும்போது எவ்வளவு செலவு, மிச்சம் எவ்வளவு. ஒவ்வொரு அத்தியாயத்திலும் கழித்துக்கொண்டே வாருங்கள். வீட்டுக் கணக்குப் புத்தகம் போல அது பொய் சொல்லாது.

ஐந்தாம் படி: சூட்டை எங்கே கொட்டுவது?

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். விண்வெளி குளிரானது, ஆகவே எஞ்சின் தானாக ஆறிவிடும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். காற்றில்லாத இடத்தில் சூடு தொற்றிப் போவதற்கு ஒன்றுமில்லை. வாயைக் கட்டிய சுடுநீர்ப் போத்தலுக்குள் இருப்பது போலத்தான் கலத்துக்குள் இருப்பது. சூடு வெளியேற ஒரே வழி கதிர்வீச்சு. அதற்கு அகலமான தகடுகள் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அறை வெப்பநிலையில், அதாவது 300 கெல்வினில், ஒரு சதுர மீற்றர் கரும்பரப்பு ஏறத்தாழ 460 வாட் சூட்டை வெளியே விடும். வெப்பநிலையை இரட்டித்தால் அது 16 மடங்காகி 7,300 வாட்டைத் தாண்டும். கலத்தின் அணுவுலை 1 மெகாவாட் கழிவுச் சூட்டைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 600 கெல்வினில் தகடுகள் வேலை செய்தால் 136 சதுர மீற்றர் பரப்பு வேண்டும். எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டத் திடல் 162 சதுர மீற்றர். அதைவிடக் கொஞ்சம் சிறியது. அறை வெப்பநிலையிலேயே தகடுகளை வைத்திருக்க விரும்பினால் அப்படிப்பட்ட திடல்கள் 13க்கு மேல் வேண்டும்.

இப்போது கொள்ளையனின் இடத்தில் நின்று பாருங்கள். கரப்பந்தாட்டத் திடல் அளவுள்ள, மெல்லிய, உலோகக் குழாய்கள் ஓடும் தகட்டை விரித்துக்கொண்டு சண்டைக்குப் போக முடியுமா? ஒரு கைப்பிடி ஆணியை எதிர்ப்பக்கம் வீசிவிட்டாலே தகடு சல்லடையாகிவிடும். இன்னொரு கலத்தோடு ஒட்டி நிற்கவும் அது இடைஞ்சல். ஆகவே பாய்வதற்கு முன் தகடுகளை மடித்துவிடுவான். மடித்த கணத்திலிருந்து சூடு உள்ளே சேரத் தொடங்கும்.

பனித்தொட்டியின் பயன் இங்கேதான் வருகிறது. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் சூட்டை விழுங்கும். 'சோழகம்' தன் தொட்டியில் 10 தொன் பனியை வைத்திருந்தால், 1 மெகாவாட் சூட்டை அது 55 நிமிடங்கள் வரை தாங்கும். உருகிய நீர் கொதிநிலையை எட்ட இன்னும் 70 நிமிடங்கள் ஆகும். ஆக மொத்தம் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அதற்குள் கதவை உடைத்து, சரக்கை இறக்கி, பிரிந்து, தகடுகளை மீண்டும் விரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர்கள் புட்டு அவிவது போல அவிந்துபோவார்கள்.

மயிலிட்டியில் கேட்ட சொல் இங்கே வந்து பொருந்தியதை நான் மறக்கமாட்டேன். என் கதையில் தாக்குதல் முழுவதும் ஒரு பெண்ணின் குரலில் நடக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எவ்வளவு பனி மிச்சமிருக்கிறது என்பதை மட்டும் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "பாதி." "கால்வாசி." "தண்ணீர்." துப்பாக்கிச் சத்தம் எதுவும் அந்த அத்தியாயத்தில் இல்லை.

ஆறாம் படி: ஒளிய வேண்டாம், வேடம் போடுங்கள்

சூட்டின் தொடர்ச்சிதான் இது. தகடுகளை மடித்தாலும் மனிதர் வாழும் கலம் 290 கெல்வின் அளவில் இருக்கும். பின்னாலுள்ள வெறுவெளி 3 கெல்வினுக்கும் குறைவு. சூட்டிலிருந்து வரும் செங்கீழ்க் கதிர்களைப் பார்க்கும் கருவிக்கு அது அமாவாசை இரவில் கடலில் எரியும் சூள் விளக்குப் போலத் தெரியும். எஞ்சினை மூட்டினால் இன்னும் மோசம். சுமார் 20 வாட் வலுவில் பேசும் வொயேஜர்–1 கலத்தின் குரலையே 2,000 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து மனிதர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரியும்படி, ஆனால் யாரும் சந்தேகிக்காதபடி வருவதே வழி. சோமாலியக் கொள்ளையர்கள் பிடித்த மரக்கலங்களையும் மீன்பிடிக் கப்பல்களையுமே தாய்க்கப்பலாக வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து சிறு படகுகளை இறக்கித் தாக்கினார்கள். 2008 நவம்பரில் 'சிரியஸ் ஸ்டார்' என்ற மாபெரும் எண்ணெய்க் கப்பலைக் கரையிலிருந்து 450 கடல் மைல்களுக்கு அப்பால் அவர்களால் பிடிக்க முடிந்தது அப்படித்தான். 'சோழகமும்' பழைய தண்ணீர்க் கலமாகவே பதிவெண்ணை ஒலிபரப்பிக்கொண்டு, தண்ணீர் விற்கும் விலையையும் சொல்லிக்கொண்டு வருகிறது. உண்மையிலேயே சில வேளைகளில் விற்கவும் செய்கிறது.

ஏழாம் படி: பிடித்தலும் ஏறுதலும்

சுற்றுப்பாதையில் முன்னால் போகிறவரைப் பிடிக்க நேராகப் பாய்ந்தால் தூரம் கூடிவிடும். 1965 ஜூனில் ஜெமினி–4 கலத்தின் மக்டிவிட் தன் ரொக்கெட்டின் கழன்ற பகுதியை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்தினார். எரிபொருள் கரைந்தது, இலக்கு விலகிப்போனது. முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். அங்கே சுற்று சிறியது, முந்திக்கொண்டு வந்துவிடலாம். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜெமினி–8 கலத்தில் ஆம்ஸ்ட்ரோங் முதன்முதலாக இரு கலங்களை இணைத்துக் காட்டினார். சிறுகோளொன்றைச் சுற்றி நடக்கும் துரத்தலை எழுதுவதென்றால் இந்தப் பாடம் கட்டாயம் தெரிய வேண்டும்.

கடைசி நூறு மீற்றர் மிக மெதுவாக நடக்க வேண்டும். கலங்கள் ஒன்றோடொன்று தொடும் வேகம் செக்கனுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவுதான். ஒரு கிழவி சுளகை நிலத்தில் வைக்கும் வேகம். வெளியே சத்தம் இருக்காது. ஆனால் தொட்ட மாத்திரத்தில் அந்த அதிர்வு இரும்பு வழியாக ஓடி, தூங்கிக்கொண்டிருக்கும் சரக்குக் கலத்து ஆளின் கட்டிலில் மணி அடிக்கும். அவன் கண் விழிக்கும் கணத்தை எழுதுங்கள்.

அடுத்தது அமுக்கம். உள்ளே காற்றும் வெளியே வெறுமையும் இருந்தால், கதவின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 10 தொன் பாரம் அழுத்தும். சும்மா இழுத்துத் திறக்க முடியாது, வெட்டினால் வெடித்துச் சிதறும். கொள்ளையர் முதலில் ஒரு கூடாரம் போல வெளியே மூடி, அதற்குள் காற்றை நிரப்பி, அமுக்கத்தைச் சமப்படுத்திவிட்டே வெட்டுவார்கள். இதற்குப் பொறுமை வேண்டும். நேரமோ பனித்தொட்டியில் உருகிக்கொண்டிருக்கிறது.

நான் மிகவும் விரும்பும் நுட்பம் ஒன்று உண்டு. இன்றைய அமெரிக்க விண்வெளி உடைகளுக்குள் அமுக்கம் நம் வளிமண்டலத்தின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. வழக்கமான காற்றிலிருந்து நேராக அந்த உடைக்குள் புகுந்தால், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரும் சுழியோடிக்கு நேர்வது போல இரத்தத்தில் நைதரசன் குமிழிகள் எழும். ஆகவே விண்வெளிவீரர்கள் முன்கூட்டியே தூய ஒட்சிசனைச் சுவாசித்து உடலைத் தயார்ப்படுத்துகிறார்கள். கொள்ளையர் தங்கள் கலத்தின் காற்றை எப்போதுமே தாழ்ந்த அமுக்கத்தில், ஒட்சிசன் கூடுதலாக வைத்திருந்தால், நினைத்த நிமிடத்தில் வெளியே பாயலாம். சரக்குக் கலத்தவர்களால் முடியாது. இந்த ஒரு வித்தியாசமே சண்டையின் முடிவைத் தீர்மானிக்கலாம். ஆனால் ஒட்சிசன் கூடிய காற்றில் தீ சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆகவே அந்தக் கலத்தில் பீடி பற்றவைப்பவன் கிடையாது.

எட்டாம் படி: எதை எடுப்பது?

தங்கம் வேண்டாம். தங்கத்தைத் தின்னவும் முடியாது, எரிக்கவும் முடியாது. மருந்து, விதை, கணினிச் சில்லு, வடிகட்டி, எரிபொருள் – இவைதான் சிறுகோள்களில் உயிரின் விலைக்குப் போகும். எடுத்த ஒவ்வொரு கிலோவும் வேகக் கணக்கில் கைவைக்கும் என்பதையும் மறக்காதீர்கள். எரிபொருள் இல்லாமல் 100 தொன் வரும் கலத்தில் 50 தொன் எரிபொருள் மிச்சமிருக்கிறது, வெளியேறு வேகம் 8 கிலோமீற்றர் என்றால், செக்கனுக்கு 3.2 கிலோமீற்றர் வேக மாற்றம் கையிலிருக்கிறது. 50 தொன் கொள்ளைப் பொருளை ஏற்றினால் அது 2.3 ஆகச் சுருங்கிவிடும். துறைக்குப் போக 2.8 தேவைப்பட்டால்? ஏற்றியதில் பாதிக்கு மேல் வெளியே தள்ளியாக வேண்டும். எதைத் தள்ளுவது என்று கலத்துக்குள் எழும் சண்டை, கொள்ளையைவிடச் சூடான காட்சி.

ஒன்பதாம் படி: ஆட்கள், பங்கு, சட்டம்

எத்தனை பேர்? ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 840 கிராம் ஒட்சிசன் வேண்டும். நீரும் உணவும் வேறு. பத்துப் பேர் 300 நாள் போவதென்றால் ஒட்சிசன் மட்டுமே இரண்டரைத் தொன். ஆகவே ஆள் குறைவாகத்தான் இருக்கும். ஒருவரே கலத்தை நடத்தும் தண்டையலும் கணக்குப்பிள்ளையும் சமையற்காரருமாக இருக்க நேரும்.

கலத்தைச் சுழற்றிப் பாரத்தை உண்டாக்கலாம்தான். தலைசுற்றாத வேகத்தில், நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்று, பூமியின் பாரத்தைப் பெற 224 மீற்றர் ஆரை வேண்டும். பழைய தண்ணீர்க் கலத்தில் அதற்கு வழியில்லை. மிதந்தபடியே வாழ்கிறவரின் இடுப்பு, கால் எலும்புகள் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை தேய்கின்றன. ஐந்தாறு வருடம் கொள்ளையடித்தவர் எவ்வளவு சம்பாதித்தாலும் பூமியில் காலூன்ற முடியாமற் போகலாம். ஊருக்குத் திரும்ப உடம்பே இடம் கொடாத ஆட்கள். எங்கள் வாசகர்களுக்கு இந்த வலியை விளக்கத் தேவையில்லை, எழுதினால் போதும்.

பங்கு பிரிக்கும் விதியை எழுத்தில் வையுங்கள். பழைய கொள்ளைக் கப்பல்களில் தலைவனுக்கே பொதுவாக இரண்டு பங்குக்கு மேல் கிடைக்காது. எங்கள் மண்ணிலேயே இதைவிடச் சிறந்த மாதிரி ஒன்று இருக்கிறது. நயினாதீவிலுள்ள, முதலாம் பராக்கிரமபாகு மன்னரின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, இன்றைய ஊர்காவற்றுறையான ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளை, அதாவது வெளிநாட்டாரைக் காக்கச் சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகப் பண்டம் ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி. உடைந்த கப்பலின் பொருள் யாருடையது என்ற கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கல்லில் வெட்டியவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். என் கதையில் சிறுகோள் துறையின் சட்டம் இந்தக் கல்வெட்டின் நடையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இன்றைய சட்டத்தில் ஓர் இடுக்கும் உண்டு. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை கடற்கொள்ளையைக் கப்பல், விமானம் என்ற சொற்களால் வரையறுக்கிறது. விண்கலம் என்ற சொல் அதில் வரவில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையோ கலத்தைப் பதிந்த நாட்டுக்கு அதன் மேல் அதிகாரத்தைக் கொடுக்கிறது. திருடிய கலம் எந்த நாட்டின் பதிவில் இருக்கிறது? இதை வைத்தே ஒரு நீதிமன்றக் கதை எழுதலாம்.

பத்தாம் படி: சொற்கள்

வெளிநாட்டுப் படங்களின் சொற்களை எழுத்துப்பெயர்த்து நிரப்ப வேண்டாம். தண்டையல், சுக்கானி, ஓடாவி, அணியம், ஏரா, வங்கு, நங்கூரம் என்று எங்கள் கரையில் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி நீர் புகாமல் அடைப்பதைக் கலப்பற்று என்பார்கள். படகு கட்டும் வயதான ஓடாவி ஒருவர் அப்படி அடைத்த பொருத்தின் மேல் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை ஓட்டிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே மறுபடி அடித்தார். காற்றுக் கசியும் விண்கலத்தில் அதே விரல் வேண்டும். 'சோழகத்தில்' கசிவு தேடுபவளுக்குக் 'கலப்பற்றுக்காரி' என்றே பெயர்.

பதினோராம் படி: கொள்ளைபோன கலத்துக்குள் ஒருமுறை போங்கள்

கலம் முடிந்துவிட்டது, ஆட்கள் ஏறிவிட்டார்கள். புறப்படுவதற்கு முன் ஒரு பக்கத்தை மற்றவர்களுக்காக ஒதுக்குங்கள். உதவி கேட்டுச் செவ்வாயிலிருந்து பூமிக்கு அனுப்பும் செய்தி போய்ச்சேரவே தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். உதவி வருவதற்கு மாதங்கள். வடிகட்டியை இழந்த சரக்குக் கலத்தில் மிச்சக் காற்றை எண்ணிக்கொண்டு இருப்பவர்கள் யார்?

எங்கள் உறவினர் ஒருவரின் வள்ளத்திலிருந்து, மாரிகாலத்து இரவொன்றில் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடன் வாங்கிப் பூட்டிய எஞ்சின். விடியக் காலையில் நானும் அவரோடு கரைக்குப் போனேன். அவர் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. வள்ளத்தின் பின்பலகைக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, ஆணிகள் இருந்த நான்கு ஓட்டைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். ஓட்டைக்குள் மழைத் தண்ணீர் நின்றது. அதைச் சட்டை நுனியால் ஒற்றி எடுத்தார்.

அந்த நான்கு ஓட்டைகளையும் உங்கள் கதையில் எங்காவது வையுங்கள்.